ஆணியில் வாரும் சாவியும்

அந்த எறும்பைத் தட்டிவிடுங்கள் அக்கா, கையில் ஏறுகிறது பாருங்கள். என் பையிலிருந்துதான் வந்திருக்கும். பையில் ஒன்றுமில்லை, சாட்சிப் பொருள். பலாப்பழத்தை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், கீழே வைக்க வேண்டாம், அப்புறம் எனக்குத் தேவைப்படும். பயப்படாதீர்கள், சாப்பிட இல்லை. விளக்கிக் காட்ட.

கருங்காட்டூர் வரைக்கும்தானே? நானும் அந்தப் பக்கம்தான். ஒண்ணே கால் மணி நேரம் ஆகும், சொல்லி முடித்துவிடலாம்.

என்னைப் பார்த்தால் பஸ்ஸில் இடிபட்டுப் போகிற ஆளாகவா தெரிகிறது? எனக்குச் சொந்தமாக ஸ்கூட்டர் இருக்கிறது அக்கா. டேங்க் நிறையப் பெட்ரோலோடு வீட்டு வாசலில் நிற்கிறது. அதன் சாவி மட்டும் வேறு இடத்தில் இருக்கிறது. எங்கள் ஊர்க் குதிரை வண்டிப் பந்தயக் கமிட்டி அறையில், சுவரில், ஓர் ஆணியில் தொங்குகிறது. சட்டம் படிக்கிற இந்தப் பவதாரணியின் சாவி! நாலாம் வருஷம் முடிக்கப்போகிறேன். இந்த அநியாயத்தைக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள். ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் சொல்ல வேண்டும். இரு தரப்பையும் கேட்காமல் தீர்ப்புச் சொன்னால் எனக்குப் பிடிக்காது. இரு தரப்பையும் நானே சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்த ஆணி. எங்கள் ஊரில் மாசியிலிருந்து வைகாசி வரை எல்கைப் பந்தயம் நடக்கும். அம்மன் கோயில் வளைவிலிருந்து கிளம்பி, எல்கைக் கல்லைச் சுற்றிக்கொண்டு திரும்பி வர வேண்டும். குதிரை எப்படி வேண்டுமானாலும் ஓடிவிடக் கூடாது. நடையோட்டம்தான் ஓட வேண்டும், டக்கு டக்கென்று, கால் மாற்றிக் கால் வைத்து. நாலுகால் பாய்ச்சலுக்கு மாறிவிட்டால் சாரதி உடனே வாரை இழுத்து, வண்டியை ஓரம் கட்டி, மற்றவர்களை விட்டுவிட வேண்டும். இழுக்காமல் விட்டு யாரையாவது இடித்தால் அது கவனக்குறைவு. கவனக்குறைவுக்கு எங்கள் கமிட்டி அடிக்காது, திட்டாது, அபராதம் கேட்காது. அவருடைய லகான் வாரை வாங்கி ஆணியில் மாட்டிவிடும். அவ்வளவுதான். வார் ஆணியில் இருக்கிற வரை எங்கள் ஜில்லாவில் ஒருத்தரும் அவருக்கு வார் இரவல் தர மாட்டார்கள். சீசன் முழுக்கத் தன் குதிரையைத் தானே கட்டிப்போட்டு வேடிக்கை பார்க்க வேண்டும்.

இப்போது அந்த ஆணியில் ஒரு வார் தொங்குகிறது. ரெங்கராஜ் என்று ஒரு சாரதியுடையது. அதற்கு மேலே, அந்த வாரோடு ஒட்டிக்கொண்டு, என் சாவி.

ரெங்கராஜ் யாரா? ஒருவருமில்லை. இருபத்தாறு வயது. ஐ.டி.ஐ. படித்துவிட்டு வேலைக்குப் போகாமல் ஒரு பெட்டைக் குதிரையை வளர்க்கிறார். தாழம்பூ என்று பெயர் வைத்திருக்கிறார், குதிரைக்கு. குட்டியிலிருந்து தானே வளர்த்து, தானே பழக்கியது. வேறு கை பட்டால் அது ஓர் அடி நகராது. இவர் ஓட்டவில்லை என்றால் அதற்கும் சீசன் கிடையாது. இந்த வருஷம்தான் பெரிய குதிரைப் பிரிவில் முதல் முறை. வரும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்ச் சித்திரைப் பந்தயம். அதில் ஓடாவிட்டால் இந்த வருஷமே போச்சு.

எனக்கு எப்படிப் பழக்கமா? பழக்கமெல்லாம் இல்லை அக்கா. கண்டிக்கப் போனேன்.

போன ஆவணியில் கல்லூரியில் எனக்கு ஒரு கட்டுரை கொடுத்தார்கள், விலங்குகளின் உரிமைகள் பற்றி. குதிரையை வண்டியில் பூட்டி ஓடவிடுவது கொடுமை என்று எழுத முடிவு செய்துவிட்டு, ஆதாரம் தேடி அவருடைய லாயத்துக்குப் போனேன். அரை மணி நேரம் விடாமல் பேசினேன். அவர் சாணி அள்ளிக்கொண்டே கேட்டார். கடைசியில், "என்கிட்ட கேட்டா நான் என் பக்கம்தான் சொல்லுவேன். நீங்க தாழம்பூகிட்டயே கேட்டுக்குங்க வக்கீலம்மா" என்றார். நான் இன்னும் வக்கீல் ஆகவில்லை என்பதைச் சுட்டிக்காட்டினேன். அன்றைக்கு அவர் நீலச் சட்டை போட்டிருந்தார். இது வழக்குக்குத் தொடர்பில்லாதது.

ஒரு முறை பார்த்துவிட்டுக் கொடுமையா இல்லையா என்று சொல்லிவிட முடியுமா? தொடர்ந்து கண்காணிக்க வேண்டாமா? அதனால் கல்லூரிக்குப் போகும்போதும் வரும்போதும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வருவேன். அவர் லாயம் வழியில்தான் இருக்கிறது. வழி என்றால், இந்த பஸ் போகிற சுற்று வழி, ரெண்டு கிலோமீட்டர் கூட வரும், ஆனால் போக்குவரத்து குறைவு. வாசலில் நின்று ஹாரன் அடிப்பேன், அவர் வந்து படலைத் திறப்பார். பின்னே, பெயர் சொல்லியா கூப்பிட முடியும்? ஊர் என்ன பேசும்?

ஹாரன் என்றதும் ஞாபகம் வருகிறது. என் ஸ்கூட்டரில் இருப்பது சாதாரண ஹாரன் இல்லை. எங்கள் ஊருக்கு முன்பு ஒரு மினிபஸ் வந்துகொண்டிருந்ததே, அதைக் காயலான் கடையில் உடைத்தபோது அதன் ஹாரனைக் கழற்றி வாங்கி மாட்டிக்கொண்டேன். பாம்ப்பரப் பாம்! மெக்கானிக் அண்ணன் "பேட்டரி தாங்காதும்மா" என்று கெஞ்சினார். "திருச்சி ரோட்டுல பொம்பளப் பிள்ளைக்கு எவன் வழி விடுறான் அண்ணே? சாலையில சமத்துவம் வேணும், மாட்டுங்க" என்றேன். மாட்டினார். இப்போது லாரி ஒதுங்குகிறது. உலகத்தில் அப்படி ஒரு ஹாரன் ஒன்றே ஒன்றுதான்.

சரி, சம்பவம். மாசி மாசப் பந்தயம். பலாப்பழத்தைக் கொஞ்சம் இப்படி நகர்த்துங்கள். பலாப்பழம் பிச்சைமுத்து மாமா. சிரிக்காதீர்கள், உருவமும் ஏறக்குறைய அப்படித்தான். பெரிய சாரதி, முப்பது வருஷமாக ஓட்டுகிறார், சொந்த மாமா இல்லை, ஊருக்கே மாமா. இந்தப் பேனா தாழம்பூ. இதோ இந்த என் பை, இது நான். எல்லோரும் பைக்கில் கத்திக்கொண்டு வண்டிகளுக்குப் பின்னாலேயே போவார்கள். எனக்கு அது பிடிக்காது, ஒழுங்கில்லாத கூட்டம். நான் முன்கூட்டியே போய் இடப்பக்கம் வாய்க்கால் கரையில், மதகுக்குப் பக்கத்தில், ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடி செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். கட்டுரைக்காக.

கவனியுங்கள். கல்லைச் சுற்றித் திரும்பி வருகிறார்கள். பலாப்பழம் முன்னால், இடப்பக்கம். பேனா வலப்பக்கம், அரை வண்டி பின்னால். அழகான நடையோட்டம் அக்கா. கழுத்து வளையவில்லை, நுரை இல்லை, அவர் வாரைப் பிடித்திருந்த விதம்... ஓடுவது அந்தக் குதிரைக்கே பிடித்திருப்பது போல. கட்டுரையின் முடிவை மாற்ற வேண்டுமோ என்றுகூட யோசித்தேன். மதகு கிட்டத்தில் பேனா பலாப்பழத்தை நெருங்குகிறது, நெருங்குகிறது, இதோ தாண்டப்போகிறது. அந்த நேரம் பார்த்து தாழம்பூ நாலுகால் பாய்ச்சலில் கிளம்பி, நேராகப் போகாமல், சடாரென்று இடப்பக்கம் வெட்டி, பலாப்பழத்தின் சக்கரத்தை இடித்து... மன்னியுங்கள், அடி பட்டுவிட்டதா? இல்லையே? பலமான பழம்தான். பிச்சைமுத்து மாமா வண்டியோடு வாழைத்தோப்புக்குள் போய்ச் சரிந்தார். தாழம்பூ நிற்காமல் வந்து, என் ஸ்கூட்டருக்கு முன்னால் வந்துதான் நின்றது. நின்று, மூக்கை என் பைக்குள் விட்டது. பந்தயத்தின் நடுவில்! என்ன ஒழுங்கீனம்! அதையும் குற்றப்பத்திரிகையில் சேர்த்தேன், 'நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தாமை' என்று.

யாருக்கும் பெரிய அடியில்லை. மாமா வாழைக்குலை மேல் விழுந்ததால் தப்பித்தார், மணிக்கட்டு மட்டும் பிசகிவிட்டது. அவர் குதிரை விழுந்த இடத்தில் எழுந்து நின்று வாழையிலை தின்றுகொண்டிருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் கமிட்டி கூடியது. என் அப்பாதான் பந்தயத்தில் கொடியசைப்பவர், அதனால் நடவடிக்கைப் புத்தகம் எழுத என்னைக் கூப்பிட்டார்கள். என் கையெழுத்து நன்றாக இருக்கும். தலைவர் மரியசூசை ஐயா, ரைஸ்மில் வைத்திருக்கிறார், நல்ல மனிதர், ஆனால் சட்ட அறிவு குறைவு. உட்கார்ந்ததும், "என்ன தம்பி ரெங்கராஜு, பாய்ஞ்சுச்சா?" என்றார். "பாய்ஞ்சுச்சு ஐயா" என்றார் இவர். "வாரைக் குடு" என்றார் அவர். இவரும் கழற்றிக்கொண்டு வந்த வாரை நீட்டுகிறார்! எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது.

"நிறுத்துங்க" என்றேன். "விசாரிக்காம தண்டிக்கிறது அநியாயம்."

"அவந்தான் ஒத்துக்கிட்டானே பாப்பா."

"ஒத்துக்கிட்டா போதுமா? நிரூபிக்க வேணாமா?"

"அதுக்கு யாரு வர்றது?"

"நான் நிரூபிக்கிறேன்" என்றேன்.

வீட்டுக்கு ஓடிப்போய், கல்லூரி வாதப் போட்டிக்குத் தைத்த கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தேன். மாசிப் புழுக்கம், கோட்டுக்குள் குளித்துவிட்டேன், ஆனாலும் கழற்றவில்லை. நாற்பது நிமிஷம் வாதாடினேன் அக்கா. தெரிந்தவர் என்பதற்காக ஒரு சலுகை காட்டினேனா? கிடையாது. தெரிந்தவர் என்பதால்தான் இன்னும் கடுமையாகப் பேசினேன், யாரும் ஒன்றும் நினைத்துவிடக் கூடாது பாருங்கள்.

"சாரதி ரெங்கராஜ் அவர்களே, குதிரை பாய்ஞ்சதுக்கு வேற காரணம் ஏதாவது இருக்கா?"

என்னைப் பார்த்தார். "சத்தம் ஒண்ணு கேட்டுச்சு."

"என்ன சத்தம்?"

"தெரியலீங்க."

"தெரியாத சத்தத்தைச் சொல்லித் தப்பிக்கப் பாக்காதீங்க!"

"சரிங்க. வாரு என் கையிலதான் இருந்துச்சு. நாந்தான் பொறுப்பு."

கடைசி ஆதாரமாக என் வீடியோவைப் போட்டுக் காட்டினேன். முழுச் சத்தத்தில். எல்லோரும் ஒரு மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா வெற்றிலை போட்டுக்கொண்டு வருகிறேன் என்று வெளியே போனவர் திரும்பி வரவே இல்லை. அவருக்கு வெற்றிலைப் பழக்கம் கிடையாது. ஆதாரத்தின் பலம் அப்படி. "போதும் பாப்பா, அமத்து அமத்து" என்று மரியசூசை ஐயாவே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். வார் ஆணியில் ஏறியது. வெளியே வரும்போது ரெங்கராஜ் என் பக்கத்தில் வந்து, "நல்லாப் பேசுனீங்க" என்றார். கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. நிஜமாகவே சொல்கிறார்! இப்படிப்பட்ட மனிதரை என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள்.

நான் அதோடு விடவில்லை. இனிமேல் வாய்வழிப் பேச்சு வேண்டாம், எழுத்தில் விதி வேண்டும் என்று சொல்லி, பதினாலு விதிகள் நானே எழுதிக் கொடுத்தேன். அதில் பன்னிரண்டாவது விதி இருக்கிறதே, அதற்காக இரண்டு நாள் உட்கார்ந்தேன். ஓட்டை ஒன்றுகூட இருக்கக் கூடாது. 'வார், கயிறு, கைப்பிடி ஆகிய எதைப் பிடித்திருந்தாலும், பந்தயப் பாதையிலோ அதன் ஓரத்திலோ இருந்துகொண்டு அடுத்தவர் ஓட்டத்துக்கு எவ்விதத்திலேனும் இடைஞ்சல் செய்பவர் எவரும் ஓட்டுநரே. அவருக்கும் ஆணி உண்டு. இவ்விதி இந்தச் சீசன் தொடக்கத்திலிருந்தே செல்லும்.' எப்படி இருக்கிறது? கமிட்டி கைதட்டி நிறைவேற்றியது.

இங்கேதான் பலாப்பழம் வருகிறது. பிச்சைமுத்து மாமா மணிக்கட்டில் கட்டோடு ஒரு மாசம் வீட்டில் சும்மா கிடந்தார். வேறு வேலை இல்லை. என் வீடியோவை யாரிடமோ வாங்கி, தான் விழுந்ததைத் தானே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறார். நாற்பது தடவை பார்த்தாராம். போன வாரக் கூட்டத்தில் எழுந்தார்.

"பாப்பா, உன் பன்னெண்டாவது விதியக் கொஞ்சம் படி."

பெருமையாகப் படித்தேன்.

"கைப்பிடின்னா என்னா பாப்பா?"

"ஹேண்டில்பார் மாமா."

"ஒன் வண்டியில அது இருக்குதா?"

"ஹேண்டில்பார் இல்லாம வண்டி ஏது மாமா?"

"ஹாரனு?"

"இருக்கு."

"அத ஒருக்கா அடிச்சுக் காட்டேன், இங்கயே."

"இங்க எதுக்கு மாமா அடிக்கணும்?"

"அங்க எதுக்கு அடிச்ச?"

அறை முழுக்கச் சிரிப்பு. விஷயம் என்னவென்றால், மதகுப் பக்கத்தில் நான் ஹாரன் அடித்தேனாம். அதனால்தான் தாழம்பூ மிரண்டு பாய்ந்ததாம். என் வீடியோவிலேயே கேட்கிறதாம். என் ஆதாரத்தை எடுத்து என் மேலேயே! நான் எழுதிய விதியை எடுத்து எனக்கே! மரியசூசை ஐயா கையை நீட்டினார். "சாவியக் குடு பாப்பா." கொடுத்தேன். விதி விதிதானே. ஆனால் மேல்முறையீடு செய்வேன் என்று அந்த இடத்திலேயே அறிவித்தேன்.

அதற்கு ஐயா சொன்னார்: "ஆணி ஒண்ணு. தப்பும் ஒண்ணு. அதுக்கு ரெண்டு பேருது தொங்குறது நல்லால்ல. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ரெண்டு பேரும் வாங்க, பேசுங்க. சத்தத்தாலதான் பாய்ஞ்சதுன்னா வாரு இறங்கட்டும். சத்தத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லன்னா சாவி இறங்கட்டும்."

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. அதற்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன். பன்னிரண்டு பக்கம் மனு, இதோ பாருங்கள், ஓரம் விட்டு, பத்தி எண் போட்டு. நான் ஜெயித்தால் என் சாவி இறங்கும், அவர் வார் சீசன் முழுக்க ஆணியில். நான் தோற்றால் அவர் ஞாயிற்றுக்கிழமை ஓட்டலாம், நான் வைகாசி வரை இப்படி உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வர வேண்டியதுதான். நீங்கள் நல்லவர்தான், அதைச் சொல்லவில்லை.

ஆனால் என் கோபம் சாவியைப் பற்றிக்கூட இல்லை அக்கா. நேற்று லாயத்துக்குப் போனேன். நடந்துதான். எதிர்த்தரப்பு என்ன வாதம் வைக்கப்போகிறது என்று தெரிந்துகொள்ளலாம் என்று. அவர் என்ன சொன்னார் தெரியுமா? "நான் ஒண்ணும் பேசப்போறதில்லீங்க. நீங்க பஸ்ஸுக்கு நிக்கிறது எனக்கு நல்லால்ல. சாவிய வாங்கிக்குங்க" என்றார். பேச மாட்டாராம்! ஒரு மனிதர் தன் பக்கத்தைப் பேசாமல் விட்டால், அது எவ்வளவு பெரிய அவமரியாதை! எதிராளியே இல்லாமல் நான் எப்படி ஜெயிப்பேன்? அது வெற்றியா? ராத்திரி தூங்கவே இல்லை. தாழம்பூ வேறு, வண்டியில்லாமல் வெறுமனே நின்று, தானாகக் காலை மாற்றி மாற்றி நடையோட்டம் போட்டுக்கொண்டிருந்தது, நின்ற இடத்திலேயே. அதைப் பார்க்கிறதற்கு... சரி, அது வழக்குக்குத் தொடர்பில்லாதது.

வீடியோவா? தாராளமாகப் பாருங்கள். ஒளிக்க என்ன இருக்கிறது? சத்தத்தைக் கூட்டுகிறேன், பஸ் இரைச்சலில் கேட்காது. இதோ மதகு. இதோ வருகிறார்கள். 'போ! போ! விடாத ரெங்கு! அப்படித்தான் ரெங்கு!' பாம்ப்பரப் பாம்! பாம்ப்பரப் பாம்! 'ரெங்கூ...'

என்ன அக்கா, பஸ்ஸே திரும்பிப் பார்க்கிறது? கண்டக்டர் அண்ணே, ஒன்றுமில்லை, நீங்கள் டிக்கெட்டைக் கொடுங்கள், இது ஆதாரம். ஆமாம், அது என் குரல்தான். நடுநிலையான உற்சாகப்படுத்தல். பிச்சைமுத்து மாமாவையும் உற்சாகப்படுத்தியிருப்பேன், அதற்குள் அவர் விழுந்துவிட்டார். ரெங்கு என்று சொன்னது, கத்தும்போது முழுப்பெயர் சொல்ல மூச்சு இருக்காது இல்லையா?

ஹாரன் அடித்தது நான்தான், அதை நான் மறுக்கவே இல்லை. சந்தோஷத்தில் கை தானாக அழுத்திவிட்டது. கேள்வி அதுவல்ல. ஹாரனால் குதிரை மிரண்டதா என்பதுதான் கேள்வி. மிரளவில்லை! அதைத்தான் என் மனுவில் பத்தி ஒன்பதில் அடித்து நொறுக்கியிருக்கிறேன். இதுதான் என் துருப்புச் சீட்டு, கேளுங்கள். மற்றக் குதிரை வேண்டுமானால் என் ஹாரனுக்கு மிரளலாம். தாழம்பூ மிரளவே மிரளாது. ஏன்? அதற்கு அந்த ஹாரன் அப்போதே ஆறு மாசப் பழக்கம்! தினமும் காலையிலும் சாயங்காலமும் லாயத்து வாசலில் நின்று அதே ஹாரனைத்தானே அடிக்கிறேன்? முதல் சத்தத்திலேயே காதைத் தூக்கும். இரண்டாவது சத்தத்துக்குக் கட்டுத்தறியிலிருந்து அறுத்துக்கொண்டு வரப் பார்க்கும். படல் திறந்திருந்தால் நாலுகால் பாய்ச்சலில் வந்து மூக்கை நேராக என் பைக்குள் விட்டுவிடும். ஏனென்றால் பையில் வெல்லம் இருக்கும். முதல் நாள் கொடுமைப்படுத்துகிறார்களா என்று பார்க்க வந்தபோது ஒரு கட்டி கொடுத்தேன், அன்றிலிருந்து ஒரு நாள்கூடத் தவறாமல்... எறும்பு அதுதான். இன்றைக்கும் அரைக்கிலோ அச்சு வெல்லம் வைத்திருக்கிறேன், கமிட்டி முன்னால் கொடுத்துக் காட்ட. சாட்சிப் பொருள். என் ஹாரனைக் கேட்டால் தாழம்பூ பயந்து ஓடாது, ஆசையாக ஓடி வரும். ஆகவே...

ஆகவே...

ஏன் அக்கா அப்படிப் பார்க்கிறீர்கள்?

'அப்ப அன்னைக்கு அது எங்கதான் ஓடிச்சு' என்றா கேட்கிறீர்கள்? எங்கே ஓடியது என்றால்... இருங்கள். பலாப்பழத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். பேனா இங்கே. நான் வாய்க்கால் கரையில், இதோ, பை. பாம்ப்பரப் பாம் என்றதும் பேனா இடப்பக்கம் வெட்டி, பலாப்பழத்தை இடித்து, நிற்காமல் நேராக வந்து...

ஐயையோ.

அக்கா, நான் எழுதிய பன்னிரண்டு பக்கத்தில் இதைவிடப் பலமான வாதம் எதுவுமே இல்லை. ஆனால் இது என் பக்கத்து வாதம் இல்லை! மிரண்டிருந்தாலாவது சந்தேகத்தின் பலன் எனக்குக் கிடைத்திருக்கும். இது மிரளவில்லை. நான்தான் கூப்பிட்டிருக்கிறேன். ஆறு மாசம் உட்கார்ந்து பழக்கி, சரியாகப் பந்தயத்தின் நடுவில், 'வா வெல்லம் தின்ன' என்று கூப்பிட்டிருக்கிறேன். அது பாவம், கூப்பிட்ட மரியாதைக்கு வந்திருக்கிறது. ஒரு பிச்சைமுத்து மாமா குறுக்கே இருந்தால் அது என்ன செய்யும்?

அந்த மனிதருக்குத் தெரியும்! சத்தம் ஒண்ணு கேட்டுச்சு என்றாரே, என்னைப் பார்த்துக்கொண்டே! என்ன சத்தம் என்று கேட்டதற்குத் தெரியலீங்க என்றாரே! பொய்! என் முன்னாலேயே, நடவடிக்கைப் புத்தகத்தில் ஏற்றப்படும் விசாரணையில், பச்சைப் பொய்! அதையும் நான் என் நல்ல கையெழுத்தில் எழுதியிருக்கிறேன்! எதற்காகப் பொய் சொல்ல வேண்டும்? யாருக்காக? சிரிக்காதீர்கள். நீங்கள் சிரிக்கிற சிரிப்பு சரியில்லை. அந்த முன்சீட்டுப் பெரியவரும் சிரிக்கிறார்.

பேனாவைக் கொடுங்கள். இல்லை, அதே பேனாதான், தாழம்பூ, கொடுங்கள். மனுவின் பின்பக்கம் காலியாகத்தானே இருக்கிறது. பத்தி ஒன்று: ஆறு மாசப் பழக்கம். பத்தி இரண்டு: குதிரை நின்ற இடம். மூக்கு இருந்த பை. பார்த்தீர்களா, குற்றப்பத்திரிகையிலேயே அதை நானே எழுதி வைத்திருக்கிறேன், மறுக்கவே முடியாது! பத்தி மூன்று: சாட்சிப் பொருள், அச்சு வெல்லம், அரைக்கிலோ, எறும்புகள் உட்பட. பத்தி நாலு: பன்னிரண்டாவது விதி, 'எவ்விதத்திலேனும்' என்ற சொல்லைக் கவனிக்கவும். ஐயோ அக்கா, என்ன அழகான வழக்கு! அவர் பக்கத்தைப் பேச ஆளில்லை என்றுதானே ராத்திரியெல்லாம் புரண்டேன்? நான் பேசுகிறேன். கறுப்புக் கோட்டும் பையில்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் நின்று பவதாரணியைக் கேள்வி கேட்டால், பவதாரணியால் மூன்று நிமிஷம் தாங்க முடியாது. எனக்குத் தெரியாதா அவளை? கண்டிப்பாக ஜெயித்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் வார் இறங்கிவிடும்.

இரக்கத்தால் செய்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். வாதம் எந்தப் பக்கம் பலமாக இருக்கிறதோ அந்தப் பக்கம் நிற்கிறேன், அவ்வளவுதான். சாவி தொங்கட்டும். வைகாசி வரைக்கும்தானே. நடப்பது உடம்புக்கு நல்லது. லாயம் வழியாக நடந்தால் இன்னும் ரெண்டு கிலோமீட்டர் கூட நல்லது. கனைத்துக் கூப்பிட்டுக்கொள்கிறேன், ஹாரன் எதற்கு.

கண்டக்டர் அண்ணே, நிறுத்துங்கள், நிறுத்துங்கள்! இல்லை அக்கா, ஊர் இன்னும் வரவில்லை, தெரியும். நான் இங்கேயே இறங்குகிறேன். விசாரணைக்கு முன்னால் அந்தத் தரப்புக்கு முறைப்படித் தகவல் தர வேண்டும், நீங்கள் பேசாவிட்டால் உங்கள் சார்பில் நான் பேசுவேன் என்று. அது சட்டம். உங்களுக்கும் ஒரு கட்டி வெல்லம் வைத்துக்கொள்ளுங்கள், பலாப்பழத்துக்கு நஷ்டஈடு. மனுவின் கடைசிப் பக்கம் உங்கள் காலடியில் கிடக்கிறது, இருக்கட்டும், பத்தி ஒன்பதுக்கு அப்புறம் இருப்பதெல்லாம் இனி தேவையில்லை.

அதோ, அந்தப் படலுக்குப் பக்கத்தில் குதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே, அவர்தான். பார்த்துக்கொள்ளுங்கள். இன்றைக்கும் நீலச் சட்டை.

வழக்குக்குத் தொடர்பில்லாதது.